டைரக்ட் லைன்

பிப்ரவரி 3, திங்கள்

வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். "தேதி போட்டு எழுதி வையுங்க செண்பகராஜ், கேஸுக்கு உதவும். நடந்ததை மட்டும் எழுதுங்க. மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டாதீங்க" என்றார். சரி, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் மகள் தர்ஷிகா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளை அவள் அம்மா சுகந்தி கூட்டிக்கொண்டு போய்த் தன் தம்பி பிரேம் வீட்டில் வைத்திருக்கிறாள். வெளியூர் இல்லை, இதே கோவில்பட்டிதான். என் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் அந்தத் தெருவின் தண்ணீர் டேங்க் தெரியும். ஆனால் நான் அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது. ஸ்கூல் பக்கமும் போகக் கூடாது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் வீடியோ காலில் மகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட் பெரிய மனதோடு அனுமதித்திருக்கிறது. கால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் மே மாத லீவில் ஒரு வாரம் என்னோடு அனுப்புவார்கள். அடுத்த வாய்தா மார்ச் 20.

ஸ்கூல் கேட்டில் நடந்ததைச் சுகந்தி ஊதிப் பெரிதாக்கியதால் வந்த வினை இது. நான் சத்தம்தான் போட்டேன். பிரேம் பைக்கின் கண்ணாடி என் கை பட்டு உடைந்தது. கை படும் இடத்தில் அவன் பைக்கை நிறுத்தியிருந்தான்.

முந்தாநாள் கால் நன்றாக நடந்தது. படம் துல்லியம். தர்ஷி ஒரு பாட்டுப் பாடினாள், கணக்கு நோட்டைக் காட்டினாள். ஏழால் பெருக்குவதில் இரண்டு தப்பு. சொன்னேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். தப்பைத் தப்பு என்று அப்பா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பிப்ரவரி 5, புதன்

இன்று ஆபீசில் ஒரு நல்ல காரியம் நடந்தது.

நான் திரவியம் நெட்டில் டெக்னிக்கல் இன்சார்ஜ். ஊரில் பாதி வீட்டுக்கு நாங்கள்தான் நெட் கொடுக்கிறோம். மீதிப் பாதி பவளம் ஃபைபர் ஜெபமணியிடம் இருக்கிறது. எங்கள் ஆபீசுக்கும் அவர்கள் ஆபீசுக்கும் நடுவில் ஒரு டைரக்ட் லைன் உண்டு. எங்கள் கஸ்டமர் அவர்கள் கஸ்டமருக்கு வீடியோ கால் போட்டால் அந்த லைன் வழியாக ஊருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் நல்லது என்று எப்போதோ போட்டது.

நேற்று ஆபரேட்டர் சங்கக் கூட்டத்தில் ஜெபமணி மைக்கைப் பிடித்து, "திரவியம் அண்ணாச்சி கஸ்டமர் பார்க்கிற வீடியோவுல பாதி எங்க ஆபீஸ் வழியாத்தான் வருது. எங்க தயவுலதான் அவங்க ஓட்டுறாங்க" என்று சொல்லிவிட்டானாம். கூட்டமே சிரித்ததாம்.

இன்று காலையில் அண்ணாச்சி செருப்போடு சர்வர் ரூமுக்குள் வந்துவிட்டார். அங்கே முருகன் படம் இருப்பதால் வேறு யாரையும் செருப்போடு உள்ளே விடமாட்டார்.

"செண்பகம், பிடுங்குல அதை."

"எதை அண்ணாச்சி?"

"ஜெபமணி ஒயரை. யாரு தயவுல யாரு ஓட்டுதான்னு பாத்துருவோம்."

"சுத்திப் போகணுமே அண்ணாச்சி. இங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து மும்பை, அங்க அவனுக லைனைப் பிடிச்சு திரும்ப இங்க வரணும். பகல்ல தெரியாது. சாயங்காலம் ஊரே உட்கார்ந்து பாக்கிற நேரம் அந்த வழி நெரியும்."

"அவனுக்கும் நெரியும்லா?"

"நெரியும்."

"அப்போ பிடுங்கு. கஸ்டமர் எவனாவது கத்துனா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு."

மஞ்சள் ஒயரை நானே உருவினேன். சந்தோஷமாகத்தான் உருவினேன். பிரேம் வீட்டில் முதலில் எங்கள் கனெக்ஷன்தான் இருந்தது, நான் போய் மாட்டிக் கொடுத்தது. சுகந்தி அங்கே போன மாதமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு பவளத்துக்கு மாறினான். என் கையால் போன நெட் அந்த வீட்டுக்குள் ஓடக் கூடாதாம். நல்லது. அனுபவிக்கட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சாயங்காலம் ஆறரையிலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே பல்லவி. "யூடியூப் ஓடுது சார், ஆனா என் தங்கச்சிக்கு கால் போட்டா நிக்குது." "அவங்களுக்கு எந்த கனெக்ஷன்?" என்று கேட்டால் பவளம். "அப்போ அங்க கேளுங்க" என்று வைத்துவிட்டேன். அங்கே கேட்டால் ஜெபமணியின் ஆட்கள் எங்களைக் கேட்கச் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை. கடைக்காரனிடம் திரும்பப் போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

ஆறு மணிக்குக் கால் போட்டேன். என் வீட்டு லைனுக்கு எங்கள் ஆபீசில் முதல் மரியாதை போட்டு வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்கு நின்றாலும் எனக்கு நிற்கக் கூடாது. காலையில் பதினொரு மணிக்கு டெஸ்ட் செய்தும் பார்த்தேன். சுத்தம்.

தர்ஷி வந்தாள். பச்சை கவுன். "அப்பா, இன்னைக்கு ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. "தர்ஷி, கேக்குதா? கேக்குதா?" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அசைந்தாள், ஆனால் ஸ்கூல் கதை முடிந்து வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி நின்றாள். பிறகு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

யார் வைத்தது? தர்ஷி தானாக வைக்க மாட்டாள். சுகந்திதான். என் பக்கம் எந்தக் குறையும் இல்லை. ரூட்டரை அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்திருப்பாள், இல்லாவிட்டால் பக்கத்தில் பிரேம் இன்னொரு போனில் படம் ஓடவிட்டிருப்பான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கிறேன். வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் மறுபடி டெஸ்ட். சுத்தம். என் பக்கம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

லூர்துமேரி டீச்சர் ஆபீசுக்கே வந்துவிட்டார். ரிட்டயர்டு கணக்கு டீச்சர், வீட்டிலிருந்தபடி வீடியோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். குடையைக் கவுன்டரில் படுக்கப் போட்டார்.

"தம்பி, என் நெட்டு என்னத்துக்கு ஆகாம போச்சு?"

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா டீச்சர்?"

"ஒரு வாரமா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். சுவிட்சு தேஞ்சு போச்சு. கேளு தம்பி. என் கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க நல்லா தெரியுது. பாதி அப்படியே சிலையா நிக்குது. நிக்கிற பிள்ளைங்க எல்லாம் பவளம் வீட்டுப் பிள்ளைங்க. ரூட்டருக்கு ஆள் பார்த்து ஓட்டத் தெரியுமா?"

"அது அவங்க பக்கத்துப் பிரச்சினை."

"அவங்ககிட்டயும் போனேன். உங்க பக்கம்ங்கிறான். உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டைன்னு எனக்குத் தெரியாது. மார்ச் கடைசியில அதுகளுக்குப் பப்ளிக் எக்ஸாம். நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறதுக்கு அதுக மார்க்கா கிடைச்சுது?"

கம்ப்ளெயின்ட் பதிந்துகொண்டேன் என்றேன். பதியவில்லை. என்னவென்று பதிவது? இவர்களுக்கு எல்லாம் ஒரு நாள் சீரியல் நின்றாலே குடி முழுகிவிடும். ஒரு பொறுமை கிடையாது.

பிப்ரவரி 15, சனி

இன்றும் அதே கதை. தர்ஷி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நின்றாள். டம்ளரும் கையுமாக நின்ற அவளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் தலைக்கு ஏறியது. "சுகந்தி! என்ன பண்ணிக்கிட்டு இருக்கே அங்க? நீ வேணும்னே பண்றதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். படம் நின்றிருக்கும்போது யார் காதிலும் விழப் போவதில்லை. கேட்டால் என்ன?

லைன் அறுந்தது. பிறகு பிரேமிடமிருந்து சாதாரண போன்.

"அத்தான், உங்க நெட்டுக்கும் எங்க நெட்டுக்கும் ஆகல போல. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்க வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல போடுங்களேன். என் ஃப்ரெண்டு அப்படித்தான் பேசுறான். நல்லா வருதாம்."

"எனக்கு நெட்டு சொல்லித் தாரியா மாப்ள?"

"சொல்லித் தரல அத்தான். பிள்ளை பாவம். போன் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டே இருக்கு."

வைத்துவிட்டேன். இந்த ஊருக்கு நெட் கொடுக்கிறவன் நான். கம்பத்தில் ஏறி, வெயிலில் காய்ந்து, அணில் கடித்த ஒயரை எல்லாம் ஒட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் போய், எவனோ ஒருவனுடைய சிம்மில் என் மகளோடு பேச வேண்டுமாம். அதையும் நாளைக்குக் கோர்ட்டில் சொல்லிச் சிரிப்பான். "அவர் நெட்டு அவருக்கே ஓடல சார்" என்று.

பிப்ரவரி 17, திங்கள்

புதுரோட்டில் அணில் மறுபடி கடித்துவிட்டது. ஒட்டினேன். தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன். வக்கீல் போன் செய்தார். எதிர்த்தரப்பு வேண்டுமென்றே காலைத் தடுக்கிறது என்று மனு போட்டுவிடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். "உங்க பக்கம் டெக்னிக்கலா ஒண்ணும் இல்லையே? நாளைக்கு அவங்க ஏதாவது கிளப்பினா நான் முழிக்கக் கூடாது" என்றார். நான் அந்தத் துறைக்காரன், எனக்குத் தெரியாதா என்றேன்.

பிப்ரவரி 22, சனி

ஐந்து தடவை நின்றது. ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தர்ஷி அழகாகத்தான் இருக்கிறாள். ஒன்றில் யாரையோ பக்கவாட்டில் பார்க்கிறாள். ஒன்றில் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் என் படம் எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது?

கடைசியில் குரல் மட்டும் வந்தது. "அப்பா நின்னுட்டாங்கம்மா. வச்சிடட்டுமா?"

நிற்கவில்லை. நான் அங்கேயேதான் இருந்தேன். "வைக்காதே, வைக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, சனி

எடுத்தார்கள். நின்றது. வைத்தார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

லூர்துமேரி டீச்சர் கனெக்ஷனை எடுத்துவிட்டார். பவளத்துக்குப் போனால் எங்கள் கனெக்ஷன் வீட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள், அதனால் அங்கேயும் போகவில்லையாம். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மொபைல் டேட்டாவில் டியூஷன் எடுக்கிறாராம். ரூட்டரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அண்ணாச்சியிடம் போய், "நல்ல கஸ்டமர் எல்லாம் போறாங்க. அந்த ஒயரைத் திரும்ப மாட்டிருவோமா?" என்றேன். டீச்சருக்காகத்தான் கேட்டேன்.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்தப் பக்கம்ல?"

"நம்ம பக்கம்தான்."

"மச்சினன் வீட்டுல பவளம் கனெக்ஷனாமே. ஆளுக சொன்னாங்க. அதுக்காகக் கேக்கியா?"

"அவன் வீட்டுப் பேச்சை எடுக்காதீங்க அண்ணாச்சி. அவன் நெட்டு எரிஞ்சு போனாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்லு. ஜெபமணி அவனா வந்து கேக்கட்டும். வந்து என் முன்னால நின்னு கேக்கட்டும்."

சரி என்று வந்துவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த ஒயர் என் மேஜைக்கு மேலேதான் தொங்குகிறது. கையை நீட்டினால் எட்டும். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டு எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி மாட்டி, கால் நன்றாக வந்துவிட்டால்? அப்புறம் சுகந்திதான் தடுக்கிறாள் என்று போட்ட மனு என்ன ஆகும்? தோன்றியதை எல்லாம் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 8, சனி

நின்றது. திட்டினேன். வைத்தார்கள்.

மார்ச் 15, சனி

தர்ஷிக்குப் பதிலாக நாற்காலி தெரிந்தது. "வா பாப்பா, அப்பாகிட்ட பேசு" என்று சுகந்தி உள்ளே கெஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாக நடிக்கிறாள். தர்ஷி வரவே இல்லை. அதிசயமாக இன்று நாற்காலி ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று எழுத வந்தேன். நாற்காலி நின்றதா நிற்கவில்லையா என்று எப்படித் தெரியும்?

மார்ச் 20, வியாழன்

வாய்தா. ஜட்ஜ் எங்களைக் கவுன்சிலரிடம் அனுப்பினார். ஹெப்சிபா மேடம். சின்ன ரூம், ஒரு ஃபேன், மூன்று நாற்காலி. சுகந்தியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

என் ஃபோல்டரைத் திறந்து வரிசையாகக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு தன் மேஜையிலிருந்த போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இதெல்லாம் அவங்க பக்கத்துல இருந்து எடுத்தது" என்றார்.

எல்லாம் நான். ஒன்றில் வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, பல் எல்லாம் தெரிகிறது. ஒன்றில் விரல் கேமராவுக்கு நேராக நீண்டு முகத்தை விடப் பெரிதாக இருக்கிறது. ஒன்றில் கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

"மேடம், இது நெட்டு பண்ற வேலை. நான் 'கேக்குதா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தப்போ நின்னுருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"எல்லாத்துலயும் 'கேக்குதா'தானா சார்?"

படத்தில் சத்தம் இல்லையே. நான் என்ன சொன்னேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "பெரும்பாலும்" என்றேன்.

"உங்களுக்குப் பிள்ளை நின்னு தெரியுது. பிள்ளைக்கு நீங்க இப்படி நின்னு தெரியுறீங்க. சில சமயம் ரெண்டு மூணு நிமிஷம் இதே மூஞ்சி. அது எட்டு வயசுப் பிள்ளை. உங்களைப் பார்க்க மாட்டேன்னு அது சொல்லல. நின்னு போன மூஞ்சியப் பார்க்க மாட்டேன்னு சொல்லுது. ஸ்கூல் கேட்டுல பார்த்த மூஞ்சியாம்."

பிரேம் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றேன். மேடம் போனைத் திரும்ப எடுத்து வைத்தார். பிறகு, "நீங்க நெட்டு கம்பெனியிலதானே இருக்கீங்க? சரி பண்ண முடியாதா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

தொழில்ரீதியான சில விஷயங்கள் என் கையில் இல்லை என்றேன்.

இந்தச் சனிக்கிழமை அவர்கள் திருச்செந்தூர் போகிறார்கள். அதனால் கால் கிடையாது. 29-ம் தேதி கால்தான் கடைசி. அதற்கப்புறம் மேடம் ரிப்போர்ட் எழுதுகிறார். "அரை மணி நேரம் முழுசா, நல்லபடியா பேசிக் காட்டுங்க சார். மே மாசம் ஒரு வாரத்துக்கு நானே எழுதுறேன். பாதியில வச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. யார் வச்சதுங்கிறதை எல்லாம் நான் பார்க்க மாட்டேன்" என்றார்.

வெளியே வந்தபோது சுகந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பெரிய நெட் கம்பெனிக்காரன் ஒருவன் கேபிள் பதிக்க ஊருக்குள் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டான். மெயின் ரோட்டில் ஆரம்பித்து எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டான். இன்று காலையில் அண்ணாச்சியும் ஜெபமணியும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே கடை இனிப்பு.

"செண்பகம், அந்த ஒயரை மாட்டிருல" என்றார் அண்ணாச்சி, விளக்கைப் போடச் சொல்வதுபோல.

"எந்த ஒயர் அண்ணாச்சி?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"நம்ம ஜெபமணி ஒயரைத்தான். இனிமே சேர்ந்து நின்னாத்தான் அவனைச் சமாளிக்க முடியும்."

"அப்போ எதுக்குப் பிடுங்கினோம்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "நான் ஏதோ வாய் தவறிச் சொன்னேன், அண்ணாச்சி ஏதோ கோவிச்சுக்கிட்டாரு" என்றான் ஜெபமணி. "அதையெல்லாம் மனசுல வச்சிக்கிட்டே இருக்க முடியுமால?" என்றார் அண்ணாச்சி. ஒரு லட்டை என் வாயருகே கொண்டு வந்தார். கையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு பேரையும் அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போல இருந்தது. இவர்களுக்கு ஒரு கோபம் வந்தது, போனது. இவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நிற்கவில்லை. நான் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மாட்டினேன். ஒரு நொடி வேலை.

மார்ச் 25, செவ்வாய்

சாயங்காலம் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரவில்லை. லூர்துமேரி டீச்சருக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது, திரும்ப மாட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "எக்ஸாம் வந்துருச்சு தம்பி. இனிமே எனக்கு எதுக்கு?" என்றார்.

மார்ச் 29, சனி

காலையில் முடி வெட்டிக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை. கேமராவுக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டி, அதில் 'மெதுவாக' என்று எழுதி வைத்தேன். வக்கீல் சொன்ன யோசனை.

ஆறு மணி. தர்ஷி வந்தாள். பின்னால் பிரேம் வீட்டு ஹால், சுவரில் காலண்டர், மேலே ஃபேன் சுற்றுகிறது. காலண்டரில் தேதிகூடப் படிக்க முடிந்தது. அவ்வளவு சுத்தம். எத்தனையோ வாரம் கழித்து அவள் குரலும் உதடும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள்.

திருச்செந்தூர் பற்றிக் கேட்டேன். யானை பார்த்தேன் என்றாள். கடலில் கால் நனைத்தேன் என்றாள். நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். இடையிடையே என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்பா, நீங்க இன்னும் நிக்கலயே" என்றாள்.

"இனிமே நிக்க மாட்டேன் பாப்பா. அப்பா லைனைச் சரி பண்ணிட்டேன்."

"எப்பவுமே நிக்காதா?"

"எப்பவுமே."

அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கீழே குனிந்துவிட்டாள்.

பத்து நிமிஷம்போல நன்றாகத்தான் போனது. அப்புறம் நான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "அன்னைக்கு ஏன் பாப்பா வரல? வெறும் நாற்காலி இருந்துச்சே. வர வேண்டாம்னு யாரு சொன்னா? மாமாவா?"

"யாரும் சொல்லல."

"பொய் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட உண்மையைச் சொல்லணும். கவுன்சிலர் மேடம்கிட்ட ஸ்கூல் கேட்டுப் பேச்சை யாரு பேசச் சொன்னா? அம்மாதானே? இங்க பாரு. என்னைப் பாரு தர்ஷி. அம்மாதானே?"

தாள் எதிரிலேயேதான் இருந்தது. என் குரல் எனக்கே கேட்டது.

தர்ஷி நின்றுவிட்டாள்.

வாய் பாதி திறந்திருந்தது. கண் என்னை நேராகப் பார்த்தது. இமை அசையவில்லை. ஒரு கை நெற்றிக்குப் பக்கத்தில், முடியை ஒதுக்கப் போனது போனபடி அந்தரத்தில் நின்றது. சனியன் பிடித்த லைன் என்று வாயில் வந்துவிட்டது. கை தானாக லேப்டாப்பைத் திறந்து லைனைப் பார்த்தது. ஒரு குறையும் இல்லை.

நிமிர்ந்தேன். அவளுக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, அதுவும் கேட்டது. தர்ஷி மட்டும் நின்றிருந்தாள். அந்தரத்தில் நின்ற கை மெல்ல நடுங்கியது. இமைக்காமல் வைத்திருந்த கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மணியைப் பார்த்தேன். அரை மணி நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்கூடக் கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவளால் எவ்வளவு நேரம் அப்படி இருக்க முடியும்? மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும், கண்ணை இமைத்துத்தானே ஆக வேண்டும். நான் காத்திருந்தால் போதும்.

"தர்ஷி, கேக்குதா?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் அசையவில்லை. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது, அப்போதும் அசையவில்லை.

"நெட்டு நின்னு போச்சு போல பாப்பா. அப்பா லைன்லதான் கோளாறு. நான் வச்சிடுறேன், என்ன?"

நான்தான் வைத்தேன்.

பிறகு ஹெப்சிபா மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். கால் பாதியிலேயே நின்றுவிட்டது, என் பக்கத்துக் கோளாறு, அவர்கள் பக்கம் எதுவும் இல்லை என்று எழுதினேன். மேடம் பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். இப்போது அவள் மூச்சு விட்டிருப்பாள்.